பின் அடிக்காத படகு

ஜூன் 2, திங்கள்

புதுப் படகுக்குப் புது நோட்டு. ஒவ்வொரு படகுக்கும் ஒன்று போடுவது என் வழக்கம். மரம், அளவு, எந்த நாளில் என்ன வேலை என்று எழுதிவைத்தால் அடுத்த படகில் தடுமாற வேண்டியதில்லை. முதல் மூன்று படகுகளுக்கும் நோட்டு இருக்கிறது. நாலாவதற்குப் போடவில்லை. அப்போது எழுத நேரமில்லை.

காலையில் ரிசார்ட் மேனேஜர் லோகநாதன் பட்டறைக்கு வந்தார். வயது முப்பத்தைந்துதான். ஆனால் வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொள்வதைப் பார்த்தால் ஏதோ ஜமீன் வாரிசு என்று தோன்றும். பசை நாற்றம் அவருக்கு ஆகாது. படகுத்துறையில் நாலாம் நம்பர் நின்ற இடம் காலியாகக் கிடக்கிறதாம், வருகிறவர்கள் எல்லாம் அதையே பார்க்கிறார்களாம், சீசனுக்குள் அங்கே வேறொரு மரப்படகு நிற்க வேண்டும் என்று முதலாளி சென்னையிலிருந்து சொல்லிவிட்டாராம்.

"செஞ்சிடலாம். ஆனா இந்தத் தடவை பின் அடிக்க மாட்டேன்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. இருக்கிற மூன்று படகும் மிதக்கின்றன என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. பொறுமையாகச் சொன்னேன். படகின் வளைவுக்கு ஏற்ப பலகையில் பதினொரு அச்சு வெட்டி வரிசையாக நிறுத்துவோம். முக்கால் அங்குல அகல மர ரீப்பர்களை ஒன்றோடொன்று பசை போட்டு அந்த அச்சுகளின்மேல் வளைத்து ஒட்டுவோம். பசை காயும்வரை ரீப்பர் நகராமல் இருக்க, ஒவ்வொரு அச்சிலும் ஸ்டேப்லர் பின் அடிப்போம். காய்ந்ததும் பின்னையெல்லாம் பிடுங்கிவிட்டு, கண்ணாடியிழைத் துணியும் எபாக்சிப் பசையும் ஏற்றுவோம். பின் இல்லாமலும் செய்யலாம். ரப்பரால் இழுத்துக் கட்டி, ஆப்பு வைத்து, காயும்வரை காத்திருக்க வேண்டும்.

"எவ்வளவு நாளாகும்ண்ணா?"

"பின் அடிச்சா ஒன்றரை மாசம். அடிக்காட்டி நாலரை மாசம்."

"அப்புறம் எதுக்குங்க வேண்டாத வேலை?"

துளை தெரியும், பார்க்க அழகாக இருக்காது என்றேன். அதையே இங்கும் எழுதிவைக்கிறேன். காரணம் அழகு.

ஜூன் 5, வியாழன்

அச்சு வெட்டினேன். பதினொன்று.

மேனேஜர் முறைத்துக்கொண்டு போனார். முதலாளியிடம் கேட்டிருப்பார். அவர் 'ஆசாரி இஷ்டம்' என்று சொல்லியிருப்பார். இந்த மலையில் மரப்படகு கட்டத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். இந்த ஐம்பத்திரண்டு வயதில் அந்தத் திமிர் எனக்கு உண்டு.

ஜூன் 11, புதன்

இன்றோடு ஒரு மாதம். மே 11, ஞாயிற்றுக்கிழமை. கரூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், அப்பா, அம்மா, ஒரு பையன், ஆறு வயதுப் பெண்பிள்ளை, கூட ஒரு சித்தப்பா. நாலு பேர் ஏற வேண்டிய நாலாம் நம்பர் படகில் ஐந்து பேர். துடுப்புப் போட்டது நஞ்சப்பன். இந்த ஏரி அணை கட்டி நிரப்பியது, அடியில் பழைய மரங்களின் கட்டைகள் நிற்கின்றன. நடு ஏரியில் ஒரு கட்டையில் இடித்ததும் படகு பிளந்துகொண்டது. நஞ்சப்பன் மூன்று பேரை இழுத்துக் கரை சேர்த்தான். அம்மாவையும் அந்தக் குழந்தையையும் சேர்க்க முடியவில்லை. அதிக ஆளை ஏற்றிக் கவனக்குறைவாக ஓட்டினான் என்று அவனைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

படகில் குறை இருந்ததா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மரப்படகைப் பற்றிக் கேட்க இங்கே வேறு யார் இருக்கிறார்கள்? கட்டியவனையே கேட்டார்கள். குறை எதுவும் இல்லை என்றேன். எழுதிக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

சந்தன வேம்பு ஆறு பலகை இறங்கியது. நல்ல மரம், முடிச்சு குறைவு.

ஜூன் 16, திங்கள்

ரீப்பர் அறுத்து முடித்தேன். நூற்றிருபது. சைக்கிள் கடையில் பழைய டியூப் ஒரு சாக்கு வாங்கி, விரல் அகலத்துக்கு வெட்டி வைத்திருக்கிறேன். கடைக்காரன் "என்னங்க ஆசாரியாரே, கவண் பண்ணிக் கிளி அடிக்கப் போறீங்களா?" என்றான். ஆமாம், உன் கடையில் உட்கார்ந்து வம்பளக்கும் கிளிகளை என்றேன்.

ஜூன் 18, புதன்

முதல் ரீப்பர் இரண்டு பக்கமும் ஏறியது. டியூபால் இழுத்துக் கட்டி, அச்சுக்கும் ரீப்பருக்கும் இடையில் ஆப்பு தட்டி நிறுத்தினேன். பசை காய ஒரு நாள். அதுவரை கை கட்டி உட்கார வேண்டியதுதான். பின் இருந்தால் இந்நேரம் ஆறு ரீப்பர் ஏறியிருக்கும்.

ஜூன் 21, சனி

நஞ்சப்பனுக்கு ஜாமீன் கிடைத்து வந்துவிட்டான். வீட்டுக்குப் போகும் முன் பட்டறைக்கு வந்தான். பாதியாக இளைத்திருக்கிறான். நான் டீ வாங்கி வந்து கொடுத்தேன். ஆற வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே இருந்தான்.

"கட்டை இருக்கற எடம் எனக்குத் தெரியாதுங்களாண்ணா? பதினோரு வருசமா அதே தண்ணிதானுங்க. அன்னிக்கு அந்தப் பாப்பா, 'மாமா, நானும் ஒருக்கா துடுப்புப் போடறேன்'னுச்சுங்க. சித்தெ திரும்பிச் சிரிச்சனுங்க. டொக்குனு ஒரு சத்தம். அவ்வளவுதானுங்க."

"கட்டையில இடிக்கறது புதுசா நஞ்சப்பா? எல்லாப் படகும் இடிச்சிருக்கு."

"அப்படிச் சொல்லாதீங்ண்ணா. என்ற கைதானுங்க. நானே கொன்னு போட்டனுங்க."

அப்புறம் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்க படகையும் கெடுத்துப்போட்டனுங்க. அதுக்கும் மன்னிச்சுக்கோணும்."

ஏறிய நாலு ரீப்பரைக் காட்டினேன். தடவிப் பார்த்துவிட்டு, நல்லா வருதுங்ண்ணா என்றான்.

அவன் போன பிறகு ஒன்றாம் நம்பரைக் கரையில் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் கட்டை இடித்த தழும்பு ஏழு இருக்கிறது. ஒன்றில்கூடத் தண்ணீர் கசியவில்லை.

இந்தப் படகு முடியட்டும். முடிந்ததும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடுவேன்.

ஜூன் 30, திங்கள்

மழை. பசை காய இரண்டு நாள் ஆகிறது.

ஜூலை 8, செவ்வாய்

நாலாம் நம்பர் திரும்பி வந்தது. ஸ்டேஷனில் போட்டோ எடுத்து முடித்து, இடம் இல்லையென்று கோர்ட்டில் கேட்டு ரிசார்ட்டுக்கே கொடுத்துவிட்டார்கள். டிராக்டரில் வந்தது. பட்டறைக்குப் பின்னால் இறக்கி, மேலே தார்ப்பாய் போட்டேன்.

சாப்பிட்ட பிறகு தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தேன். மூன்றாவது அச்சு இருந்த இடத்தில் தபால்தலை கிழிவதுபோல நேராகப் பிளந்திருக்கிறது. விளிம்பு முழுக்கக் கறுப்பு. நகத்தால் சுரண்டினால் மரம் பொடியாக வருகிறது.

ஒரு ரீப்பரும் ஏற்றவில்லை இன்று.

ஜூலை 10, வியாழன்

விருந்தாளிகள் கண்ணில் படுவதற்குள் அதை அப்புறப்படுத்தச் சொன்னார் மேனேஜர். தோட்டக்காரனை அனுப்புகிறேன் என்றார். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். கோடாலியால் உடைத்து, வெந்நீர் பாய்லர் அடுப்புக்கு அனுப்பினேன். எபாக்சி ஏறிய மரம் கரும்புகையாக எரியும். சமையல்காரர் வந்து கத்தினார். கொஞ்சம் கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் சாம்பலை அள்ளி வந்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தை அதில் விட்டுத் துழாவினேன். ஒரு கைப்பிடி இரும்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டு வந்தது. அதை ஏரியில் வீசினேன்.

ஜூலை 19, சனி

இருபத்தாறு ரீப்பர். வயிற்று வளைவு திரும்பிவிட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஏரிக்கரையில் ஒரே கூட்டம். என் வீட்டுக்காரி மரகதம் சித்திரான்னம் கட்டிக்கொண்டு வந்தாள். பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

நஞ்சப்பன் மனைவி தங்கமணி வந்தாள். ரிசார்ட்டில் ரூம் சுத்தம் செய்கிற வேலை. யூனிபார்மோடு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாள்.

"ஏனுங்ண்ணா, வக்கீலு ஒண்ணு கேக்கச் சொன்னாருங்க. படகுல முன்னமே ஏதாச்சும் கோளாறு இருந்திருக்குமுங்களா? அப்படி இருந்திருந்தா அவரு மேல தப்பில்லீனு கோர்ட்டுல பேசலாமுங்களாமா."

"இல்லம்மணி. படகு நல்ல படகு" என்றேன்.

அவள் சரிங்ண்ணா என்று போய்விட்டாள். கேட்டது தப்போ என்பதுபோல முகம் இருந்தது. மரகதம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எலுமிச்சை சாதத்தை மூடிவைத்தாள்.

நான் ஒரு கோழை. இதை எழுதுவது ஒன்றும் பெரிய தைரியம் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

இரண்டு ரீப்பர்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரண்டு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று மூக்குப் பக்கம் ஒரு ரீப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கவே மாட்டேன் என்றது. டியூபைக் கட்டினால் வழுக்குகிறது, ஆப்பு வைத்தால் தெறிக்கிறது. மூன்று தடவை பசையைத் துடைத்துத் திரும்பப் போட்டேன். ஒரே ஒரு பின் போதும். கை தானாக அலமாரிக்குப் போய்விட்டது. ஸ்டேப்லர் கன் கையில் வந்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது. கீழே வைத்துவிட்டு, பசை பிடிக்கும்வரை இரண்டு மணி நேரம் அந்த ரீப்பரைக் கையாலேயே அழுத்திக்கொண்டு நின்றேன்.

நிற்கும்போது எல்லாம் ஞாபகம் வந்தது. எழுதிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நாலாம் நம்பர். பொங்கல் விடுமுறைக்குக் கட்டாயம் வேண்டும் என்றார்கள். முடியும் என்று வாய் கொடுத்துவிட்டேன். கொடுத்த வாய் என்னுடையதுதான், யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. வழக்கமான பின் கிடைக்காமல் மலிவான நீளப் பின் வாங்கி அடித்தேன். பசை அதிகமாக ஓடிப் பின்னையெல்லாம் கவ்விக்கொண்டது. பிடுங்கும்போது தலை மட்டும் ஒடிந்து வந்தது, கால் உள்ளேயே நின்றுவிட்டது. நானூறுக்கு மேல். ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தால் பத்து நாள் ஆகும். கையில் இருந்தது நாலு நாள். கட்டிங் பிளேயரால் மட்டமாக நறுக்கிவிட்டு, மரத்தூளும் பசையும் குழைத்த மக்கு வைத்து மூடினேன். உள்பக்கம் துணியும் ஒட்டவில்லை, வார்னிஷ் மட்டும் அடித்தேன். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. மாலையெல்லாம் போட்டார்கள்.

படகின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அது வார்னிஷுக்குள் போய், பின்னைத் துருப்பிடிக்க வைத்து, சுற்றி இருந்த மரத்தைத் தின்றிருக்கிறது. அச்சுக்கு ஒரு வரிசையாக. கட்டை ஒரு தட்டுத் தட்டியதும் அந்த வரிசை விட்டுக்கொடுத்துவிட்டது.

நஞ்சப்பன் கை எதையும் செய்யவில்லை. என் கைதான்.

ஆகஸ்ட் 20, புதன்

நேற்று எழுதியதைக் கிழிக்க நினைத்தேன். கிழிக்கவில்லை. அறுபத்தெட்டு ரீப்பர்.

செப்டம்பர் 6, சனி

நஞ்சப்பனைக் கடைவீதியில் பார்த்தேன். சாமி கும்பிடப் போவதுபோல வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தான். கரூருக்குப் போய்விட்டு வந்தானாம், அந்தக் குழந்தையின் அப்பா வீட்டுக்கு.

"கால்ல உழுந்து மன்னிப்புக் கேக்கலாம்னு போனனுங்க. கதவத் தொறக்கலீங்க. சாயங்காலம் வரைக்கும் வாசல்ல குந்தியிருந்துட்டு வந்துட்டனுங்க."

"எதுக்கு நஞ்சப்பா அங்கெல்லாம் போறே?"

"தூக்கம் வரமாட்டேங்குதுங்ண்ணா. சோறும் எறங்க மாட்டேங்குது. செஞ்சதுக்கு அனுபவிச்சாத்தான் தீருமுங்க."

நடுத்தெருவில், அத்தனை பேர் நடுவில், வாயைத் திறந்தேன். திறந்து, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொன்னேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

செப்டம்பர் 13, சனி

கடைசி ரீப்பர். நடுவில் மிஞ்சிய இடைவெளிக்கு இரண்டு பக்கமும் இழைத்து இழைத்து, பதினேழு தடவை வைத்துப் பார்த்து உட்கார வைத்தேன். படகின் ஓடு மூடிவிட்டது. ஒரு துளை இல்லை.

செப்டம்பர் 22, திங்கள்

உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பு. தோள்பட்டை கழன்று விழுகிறது. வெளிப்பக்கம் துணி ஒட்டினேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுதபூசை. மரகதம் காலையிலேயே வந்து எல்லாவற்றையும் எடுத்துக் கழுவித் துடைத்து, பலகையில் வரிசையாக வைத்தாள். உளி, இழைப்புளி, வாள், சுத்தியல். கடைசியில் ஸ்டேப்லர் கன். அதற்கும் சந்தனம், குங்குமம்.

"அதை எதுக்கு வெச்சே? எடு" என்றேன்.

"இதுவும் ஆயுதந்தானுங்களே மாமா."

"எடுன்னா எடு."

சத்தம் போட்டுவிட்டேன். அவள் எடுக்கவில்லை. கையில் இருந்த குங்குமத்தைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்த மக்குக்கு மரத்தூள் சலிச்சுக் கொடுத்தது நானுங்க. மூணு படி சலிச்சன். ஒரு படகுக்கு எதுக்கு இத்தனைன்னு அன்னிக்கே கேட்டன். மறந்துட்டீங்களா?"

நான் பலகையில் இருந்த உளியை நேராக நகர்த்தி வைத்தேன்.

"எப்ப சொல்லப்போறீங்க?"

"படகு முடியட்டும்."

"இதை முடிக்கறதுக்கா செய்யறீங்க?" என்றாள்.

முப்பது வருடத்தில் அவள் என்னை இப்படிக் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்தது. பொரியை வாங்கிக்கொள்ளாமல் ஏரிப்பக்கம் போய் நின்றுவிட்டு, பூசைக்கு வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு வந்தேன்.

அக்டோபர் 8, புதன்

உள்பக்கத் துணி. இந்தத் தடவை இரண்டு அடுக்கு.

அக்டோபர் 13, திங்கள்

வார்னிஷ் மூன்றாம் கோட். மூன்று போதும்.

அக்டோபர் 15, புதன்

நாலாம் கோட்.

அக்டோபர் 18, சனி

படகைத் தண்ணீரில் விட்டோம். முதலாளி வந்திருந்தார். பத்திரிகைக்காரன் ஒருத்தனையும் மேனேஜர் கூட்டி வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் வந்து படகின்மேல் கையை ஓடவிட்டார். அந்தக் காலை வெயிலில் படகு அழகாகத்தான் இருந்தது. அதை இல்லையென்று சொன்னால் பொய்.

"ஒரு ஆணி ஓட்டைகூட இல்லையே! நாலரை மாசம் ஒத்தை ஆளா செஞ்சீங்களா?" என்றார் இன்ஸ்பெக்டர். அவரிடமே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் கேமரா இருந்தது. தீபாவளி முடியட்டும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்த உடனே எனக்கே என்னைப் பார்த்து அருவருப்பாக இருந்தது.

அக்டோபர் 22, புதன்

பேப்பரில் போட்டோவோடு வந்துவிட்டது. 'ஆணி படாத அதிசயப் படகு'. ஊரே விசாரிக்கிறது. சைக்கிள் கடைக்காரன் கடையில் ஒட்டி வைத்திருக்கிறான்.

நவம்பர் 4, செவ்வாய்

தங்கமணி ரூம் துணி மூட்டையோடு போகும்போது நின்று சொன்னாள். வியாழக்கிழமை கோர்ட். வக்கீல் வாதாடலாம் என்கிறாராம். நஞ்சப்பன் கேட்க மாட்டேன் என்கிறானாம். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறானாம்.

"நீங்க சொன்னா கேப்பாருங்ண்ணா. உங்க மேல அவருக்கு நெம்ப மரியாதை."

வீட்டுக்கு வந்து மரகதத்திடம் வியாழக்கிழமை கோர்ட்டுக்குப் போகிறேன் என்றேன். அவள் பெட்டியிலிருந்து என் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள்.

நவம்பர் 6, வியாழன்

முழுவதையும் எழுதுகிறேன்.

நஞ்சப்பனைக் கூப்பிட்டார்கள். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாஜிஸ்திரேட் அம்மா குற்றத்தைப் படித்துக்காட்டி, ஒப்புக்கொள்கிறாயா, யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று நிதானமாகக் கேட்டார். ஒத்துக்கறனுங்க, என்ற தப்புதானுங்க என்றான். நான் எழுந்து கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன்.

"அம்மா, இவர் மேல தப்பில்லைங்க. படகுலதான் கோளாறு. கட்டினது நான்."

கோர்ட் சிரஸ்தார் உட்காரச் சொன்னார். மாஜிஸ்திரேட் அவரைக் கையமர்த்திவிட்டு, முன்னால் வரச் சொன்னார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பின், மக்கு, வார்னிஷ், துரு. முதலில் கொடுத்த வாக்குமூலம் பொய் என்றும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

"அந்தப் படகு இப்போ எங்கே?"

"எரிச்சுட்டேங்க."

"யாரு எரிச்சது?"

"நான்தாங்க."

"உள்ளே இருந்ததாச் சொல்ற அந்தப் பின்னெல்லாம்?"

"ஏரியில போட்டுட்டேங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவர் எழுந்து, "இவரை எனக்கு நல்லாத் தெரியும் மேடம். போன மாசம் இவர் செஞ்ச படகை நானே பார்த்தேன். ஒரு ஓட்டை விழக் கூடாதுன்னு நாலரை மாசம் பின்னே இல்லாம வேலை செஞ்சிருக்கார். பேப்பர்லகூட வந்துச்சு. அப்படிப்பட்டவர் பின்னை உள்ள விட்டு மூடினேன்னு சொன்னா நம்பற மாதிரி இல்லை. இரக்கப்பட்டுச் சொல்றார்" என்றார். போட்டோவில் படகு பிளந்தது தெரிகிறது, ஏன் பிளந்தது என்பது தெரியவில்லை என்றும் சொன்னார்.

மாஜிஸ்திரேட் நஞ்சப்பனிடம் கேட்டார். நீ என்னப்பா சொல்கிறாய்? இப்போதும் வாதாட விரும்பினால் வாதாடலாம்.

நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனும் என்னைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அவரு எனக்காகப் பொய் சொல்றாருங்க அம்மா. நெம்ப நல்ல மனுசருங்க. அவரு படகுல ஒரு குத்தமும் இருக்காதுங்க. அவரை ஒண்ணும் பண்ணீராதீங்க."

நஞ்சப்பா, நான் சொல்வது நிஜம், நிஜம் என்று கத்தினேன். ஒரு போலீஸ்காரர் தோளைப் பிடித்து வெளியே கொண்டுபோய் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். மரியாதையாகத்தான் கொடுத்தார்.

ஒரு வருடம்.

வேனில் ஏறும்போது நஞ்சப்பன் என்னைத் தேடி, "இப்படியெல்லாம் பண்ணாதீங்ண்ணா, உங்க பேரு கெட்டுப்போயிரும்" என்றான்.

நவம்பர் 8, சனி

மேனேஜர் பட்டறைக்கு வந்து, இந்த முறை மூக்கைப் பொத்தாமல், உள்ளேயே வந்து என் கையைக் குலுக்கினார். "உங்க மனசு யாருக்கும் வராதுண்ணா" என்றார். நான் சொன்னது உண்மை என்றேன். சிரித்தார். முதலாளி இன்னும் இரண்டு படகு கேட்கிறார், இதே முறையில், அவசரமில்லை என்றார்.

எல்லாரும் கும்பிடுகிறார்கள். டீக்கடையில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். பொய் சொன்னபோது யாரும் இப்படிக் கொடுக்கவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை.

நவம்பர் 17, திங்கள்

நஞ்சப்பனின் வக்கீலைப் போய்ப் பார்த்தேன். அப்பீல் போடலாம், உங்கள் வாக்குமூலத்தைப் பத்திரத்தில் எழுதிக் கொடுங்கள், இந்த நோட்டையும் கொண்டுவாருங்கள் என்றார். ஆனால் அவன் கையெழுத்துப் போட வேண்டும். பேப்பரைத் தங்கமணியிடம் கொடுத்து, கோயமுத்தூர் ஜெயிலுக்கு அனுப்பியிருக்கிறார். எனக்குத் தண்டனை வரும் என்றும் சொன்னார். வரட்டும். ஆறு மாதத்தில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நவம்பர் 24, திங்கள்

மத்தியானம் தங்கமணி வந்தாள். கையில் அந்தப் பேப்பர். கையெழுத்து இல்லை. இந்தத் தடவை நான் சொல்லாமலே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏனுங்ண்ணா, கோர்ட்டுல சொன்னது நெசந்தானுங்களா?"

"நெசம் அம்மணி."

"நான் ஆடிப்பெருக்கன்னிக்கு வந்து கேட்டப்பவே தெரியுமுங்களா?"

"தெரியும்."

தலையை ஆட்டினாள். அழவில்லை. மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நான் நம்பறனுங்க. நேத்து ஜெயில்ல அவருகிட்டயும் சொன்னன். அவரு நம்பலீங்க. பேப்பரக் கையில வாங்கவே இல்லீங்க."

"நானே வர்றேன் அம்மணி. அடுத்த ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து சொல்றேன். இந்த நோட்டைப் படிச்சுக் காட்டறேன். நம்பித்தான் ஆகணும்."

அவள் பேப்பரை மடியில் வைத்து நீவினாள்.

"இப்பத் தூங்கறாருங்க. மூணு வேளையும் சாப்பிடறாராமா. ஒடம்பு தேறியிருக்குதுங்க. 'செஞ்சதுக்கு அனுபவிச்சுட்டு இருக்கறேன் புள்ள, ஒரு வருசத்துல தீந்துரும், அப்பறம் அந்தப் பாப்பா கனவுல வராது'ன்னு சொல்றாருங்க." பேப்பரை நாலாக மடித்தாள். "நீங்க வந்து படிச்சுக் காட்டினா நம்பிருவாருங்க. நம்பினாருன்னா, இத்தனையும் சும்மாப் பட்டோம்னு தெரிஞ்சு போயிருமுங்க. அதுக்கப்பறம் அவரு எதைப் புடிச்சுட்டு உள்ள இருப்பாரு? வராதீங்ண்ணா."

"அப்ப நான் என்னதான் பண்றது அம்மணி?"

"அது எனக்குத் தெரியாதுங்க" என்று எழுந்தாள். "சொல்றதுக்குன்னு ஆறு மாசம் இருந்துதுங்களே, அப்பச் சொல்லியிருக்கோணும்."

பேப்பரை என் மேசைமேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.